நெல்லின் பரம்பரைப் படம்: துண்டுப் படங்களை இணைத்து ஒன்றாக்கும் முறை

நெற்செய்கையில் ஈடுபட்டுள்ள கமக்காரர் யாவரும் கபில நிறத் தத்தியை நன்கு அறிவர். பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாகத் தங்கிச் சாற்றை உறிஞ்சும் இச்சிறு பூச்சி, வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிரைக் காயச் செய்கின்றது. பச்சையாய் நின்ற பயிர் சில நாட்களுள் நெருப்புப் பட்டதுபோலக் கருகிவிடும். விதைக்கும் பசளைக்கும் கூலிக்குமாகப் பட்ட கடன் மாத்திரமே அப்போகத்தில் எஞ்சும்.

இப்பூச்சியைத் தாங்கி நிற்கும் ஆற்றல் சில நெல்லினங்களுக்கு இயல்பாகவே உண்டு. அவற்றுள் ஒன்று இலங்கையின் பழைய இனமாகிய ரத்து ஹீனட்டி. பிலிப்பைன்ஸ் நாட்டின் லொஸ் பானோஸ் நகரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் லக்ஷ்மிநாராயணா, குஷ் என்னும் அறிஞர்கள் இவ்வினத்தை ஆராய்ந்து, அதன் தாங்குந்திறனுக்குக் காரணமான பரம்பரையலகு ஒன்றினை 1977 ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதற்கு பி.பி.எச். 3 எனப் பெயரிடப்பட்டது. அவ்வலகு நெல்லினுள் எவ்விடத்தில் அமைந்துள்ளது என்பதைத் தெளிவாக அறிவதற்கோ ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன. அந்நெடுங்கால முயற்சியிற் பெரும்பகுதி, பலர் பல இடங்களில் வரைந்த துண்டுப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தும் வேலையாகவே இருந்தது. அவ்வேலை நடைபெறும் முறையையும், அதனாற் கமக்காரருக்கு விளையும் பயனையும் இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

பரம்பரைப் படம் என்பது யாது?

நெற்பயிரின் ஒவ்வொரு கலத்திலும் 12 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றையது தந்தையிடமிருந்தும் வந்ததாகும். நிறமூர்த்தம் ஒவ்வொன்றும் டி.என்.ஏ. எனப்படும் மிக நீண்ட இழையினால் ஆனது. தாளின் உயரம், மணியின் நிறம், நோயைத் தாங்குந்திறன் முதலிய இயல்புகளை நிர்ணயிக்கும் பரம்பரையலகுகள் இவ்விழையில் வரிசையாக அமைந்துள்ளன.

காணியொன்றின் நில அளவைப் படத்தில் எல்லைக்கற்கள் எவ்வாறு குறிக்கப்படுகின்றனவோ, அவ்வாறே நிறமூர்த்தத்திலும் ஆய்வுகூடத்தில் இனங்காணத்தக்க அடையாளங்கள் பல உள. இவற்றைக் குறியிடங்கள் எனலாம். எந்தக் குறியிடம் எதற்கு அடுத்ததாக உள்ளது, இரண்டிற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பவற்றைக் காட்டுவதே பரம்பரைப் படமாகும். தேவையான இயல்பு எந்த இரண்டு குறியிடங்களுக்கு இடையில் உள்ளதென அறிந்துவிட்டால், அக்குறியிடங்களைக் கொண்டே அவ்வியல்பைப் பின்தொடரலாம்.

தூரத்தை அளக்கும் விதம்

பூந்தாதும் சூல்வித்தும் உருவாகும் வேளையில், சோடியான நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக் கொள்கின்றன. இதனைக் குறுக்குப்பரிமாற்றம் என்பர். நீண்ட கயிறொன்றில் இரண்டு முடிச்சுகள் இருப்பதாகக் கொள்க. கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை எங்கேனும் வெட்டினால், அருகருகே உள்ள முடிச்சுகள் பெரும்பாலும் ஒரே துண்டிற் சேர்ந்திருக்கும். தூரத்தே உள்ள முடிச்சுகள் பிரிந்துவிடும். ஆதலின் இரண்டு குறியிடங்கள் எத்தனை பயிர்களிற் பிரிந்தன என்று எண்ணினால், அவற்றிற்கு இடையே உள்ள தூரம் புலப்படும்.

இவ்வுண்மையைக் கொண்டு ஆல்பிரட் ஸ்டேர்ட்டிவன்ட் என்பார் 1913 ஆம் ஆண்டில் பழ ஈயின் ஆறு பரம்பரையலகுகளை வரிசைப்படுத்தி முதலாவது பரம்பரைப் படத்தை வெளியிட்டார். நூறில் ஒன்று பிரியுமாயின் அத்தூரம் ஒரு சென்ரிமோர்கன் எனப்படும்.

உதாரணமாக, இரண்டு நெல்லினங்களைக் கலந்து, அக்கலப்பைப் பெற்றோருள் ஒன்றோடு மீண்டும் கலந்து 100 பயிர்கள் பெறப்பட்டன எனக் கொள்வோம். ‘அ’, ‘ஆ’ என்னும் குறியிடங்கள் 4 பயிர்களிலும், ‘ஆ’, ‘இ’ என்பன 7 பயிர்களிலும், ‘அ’, ‘இ’ என்பன 11 பயிர்களிலும் பிரிந்திருப்பின், 4 உம் 7 உம் சேர்ந்து 11 ஆகின்றன. எனவே ‘ஆ’ நடுவில் உள்ளது என்பது தெளிவு.

தூரம் கூடியவிடத்து இக்கணக்கு இவ்வளவு நேராக அமையாது. இரண்டு குறியிடங்களுக்கு இடையே பரிமாற்றம் இருமுறை நிகழ்ந்தால், பிரிந்தவை மீண்டும் சேர்ந்தனபோலத் தோன்றும், எண்ணிக்கை குறைந்துவிடும். இக்குறையை நீக்குவதற்கு ஜே. பி. எஸ். ஹோல்டேன் 1919 இலும், இந்தியக் கணித அறிஞரான டி. டி. கோசாம்பி 1944 இலும் சூத்திரங்கள் வகுத்தனர். ஒரு பரிமாற்றம் நிகழ்ந்தவிடத்து அருகில் மற்றொன்று நிகழ்வது அரிது என்பதையும் கோசாம்பியின் சூத்திரம் கணக்கிற் கொள்கின்றது. இவ்விரு சூத்திரங்களும் இன்றும் வழக்கில் உள்ளன.

வரிசையைக் காண்பதில் கணினியின் உதவி

மூன்று குறியிடங்களைக் கையாலேயே வரிசைப்படுத்திவிடலாம். பத்துக் குறியிடங்களாயின் 18,14,400 வரிசைகள் இயலும். இருபதாயின் இயலும் வரிசைகளின் தொகை, 1 இற்குப் பின் 18 பூச்சியங்கள் இட்ட எண்ணிலும் கூடியதாகும். இவை யாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தல் கணினிக்கும் ஆகாத செயலாகும்.

ஆதலின் கணினி சுருக்கமான வழிகளைக் கையாளுகின்றது. முதலில் மிக நெருங்கிய குறியிடங்களைத் தேர்ந்து, பின்னர் ஒவ்வொரு குறியிடமாக எடுத்து மிகப் பொருத்தமான இடத்தில் வைக்கின்றது. வைத்தபின் அடுத்தடுத்துள்ளவற்றை இடம் மாற்றிப் பார்த்து, கிடைத்த எண்ணிக்கைகளோடு எவ்வரிசை மிக நன்றாக ஒத்துப்போகின்றதோ அதனைத் தெரிகின்றது. அமெரிக்காவில் எரிக் லாண்டரும் அவரோடு பணியாற்றியோரும் 1987 இல் வெளியிட்ட ‘மாப்மேக்கர்’ என்னும் செய்நிரல் இத்துறையிற் பெயர் பெற்றது. 2008 இல் வெளிவந்த ‘எம்.எஸ்.ரி.மாப்’ என்னும் செய்நிரலோ, குறியிடங்களை ஊர்களாகவும் அவற்றிடையே உள்ள தூரங்களைப் பாதைகளாகவும் கருதி, எல்லா ஊர்களையும் மிகக் குறைந்த நீளத்தில் இணைக்கும் பாதையைத் தேடுகின்றது.

இரண்டு குறியிடங்கள் உண்மையாகவே அயலில் உள்ளனவா, தற்செயலாகச் சேர்ந்து காணப்படுகின்றனவா என்பதையும் ஆராய்தல் வேண்டும். அயலில் உள்ளன என்னும் கொள்கை, தொடர்பற்றன என்னும் கொள்கையிலும் ஆயிரம் மடங்கு கூடுதலாகக் கணக்கோடு ஒத்துப்போகும்போதே அதனை ஏற்பது பொதுவான வழக்கமாகும்.

ஒரு பயிரின் சோதனை முடிவைத் தவறாகக் குறித்துவிட்டாலும் படம் கெடும். நடுவிலுள்ள ஒரு குறியிடத்தைப் பிழையாக வாசித்தால், அதற்கு முன்னும் பின்னும் பரிமாற்றம் நிகழ்ந்ததுபோலத் தோன்றித் தூரம் நீண்டுவிடும். நெருங்கிய இடத்தில் இருமுறை பரிமாற்றம் நிகழ்ந்ததாகக் காணப்படும் பயிர்களைக் கணினி குறித்துக் காட்ட, ஆய்வாளர் அவற்றை மீண்டும் சோதிப்பர்.

இரண்டு படங்களை இணைத்தல்

நெல்லின் குறியிடப் படம் ஒன்றினைச் சூசன் மக்கூச் என்பாரும் அவரது குழுவினரும் 1988 இல் வெளியிட்டனர். அதில் 135 குறியிடங்கள் 12 நிறமூர்த்தங்களிலும் பரவியிருந்தன. 1998 இல் யப்பானிய ஆய்வாளர் நிப்பொன்பாரே, கசலத் என்னும் இனங்களைக் கலந்து பெற்ற 186 பயிர்களைக் கொண்டு 2,275 குறியிடங்கள் அமைந்த படத்தை வெளியிட்டனர். அதன் மொத்த நீளம் 1,521.6 சென்ரிமோர்கன்.

இத்துணை குறியிடங்கள் இருந்தும் அப்படம் ஒன்றே போதாது. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, 186 பயிர்களில் நிகழும் பரிமாற்றங்கள் ஓரளவினவே; மிக நெருங்கிய குறியிடங்களை அவை பிரித்துக் காட்டமாட்டா. இரண்டாவது, ஒரு கலப்பில் தாயும் தந்தையும் வேறுபடும் இடங்கள் மாத்திரமே புலப்படும். ஒத்திருக்கும் இடங்கள் மறைந்திருக்கும். மற்றொரு கலப்பில் அவை வெளிப்படும். ஆகவே வெவ்வேறு கலப்புகளின் படங்களை இணைத்தல் அவசியமாயிற்று.

கிராமத்தின் மேற்பகுதியை ஒரு நில அளவையாளரும் கீழ்ப்பகுதியை வேறொருவரும் அளந்து படம் வரைந்தனர் எனக் கொள்வோம். இரண்டு படங்களிலும் ஒரே குளக்கட்டும், ஒரே மதகும், ஒரே கோயிலும் காணப்படுமாயின், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படங்களைப் பொருத்தலாம். நெல்லின் படங்களிலும் பொதுவான குறியிடங்களே இவ்வாறு உதவுகின்றன.

பொருத்தும்போது இரண்டு இடர்கள் தோன்றும்.

முதலாவது, தூரங்கள் ஒவ்வாமை. 50 பயிர்களைக் கொண்ட படம் ஒரு தூரத்தை 6 எனவும், 200 பயிர்களைக் கொண்ட படம் அதே தூரத்தை 4 எனவும் காட்டினால், இரண்டிற்கும் நடுவான 5 ஐக் கொள்வது முறையன்று. கூடிய பயிர்களைக் கொண்ட படத்திற்குக் கூடிய மதிப்பளித்தல் வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால் 4.4 என்பது பெறப்படும். நெதர்லாந்தின் பீற் ஸ்ராம் 1993 இல் விளக்கிய ‘ஜொயின்மாப்’ என்னும் செய்நிரல், நம்பத்தகுந்த அளவீடுகளுக்குக் கூடிய நிறையளித்து, எல்லாத் தூரங்களோடும் மிக ஒத்துப்போகும் பொதுப்படத்தை ஆக்குகின்றது.

இரண்டாவது, வரிசை மாறுபடுதல். ஒரு படம் ‘அ’ விற்குப் பின் ‘ஆ’ என்கின்றது. மற்றையது ‘ஆ’ விற்குப் பின் ‘அ’ என்கின்றது. இத்தகைய முரண்களைக் கண்டுகொள்வதற்குப் படங்களை அம்புக்குறிகளால் இணைக்கும் முறையொன்று உண்டு. கோர்ணெல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2003 இல் இம்முறையை நெல்லின் படங்களிற் கையாண்டனர். ஒவ்வொரு குறியிடத்திலிருந்தும் அடுத்ததற்கு அம்பு இடப்படும். அம்புகளின் வழியே சென்று புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தால், அவ்விடத்தில் முரண் உள்ளது என்பது பெறப்படும். அதனை மறைத்துவிடாது, மூலக்கணக்கைத் திரும்பப் பார்த்தல் வேண்டும். சில வேளை ஒரு படம் பிழையாயிருக்கும். சில வேளை இரண்டும் சரியாயிருந்து, இனங்களிடையே நிறமூர்த்தத்தின் ஒரு துண்டே தலைகீழாய்த் திரும்பியிருக்கும்.

நடையளவும் சங்கிலியளவும்

பரிமாற்றத்தைக் கொண்டு அளக்கும் தூரம், வழிநடையை நேரத்தால் அளப்பது போன்றது. மேட்டுப் பாதையில் ஒரு மைலை விரைவிற் கடக்கலாம். சேற்று வயலில் அதே மைலுக்கு நெடுநேரம் செல்லும். அவ்வாறே நிறமூர்த்தத்தின் சில பகுதிகளில் பரிமாற்றம் அடிக்கடி நிகழும். நடுமையத்தை அடுத்த பகுதிகளில் மிக அரிதாக நிகழும். ஆதலின் இழையின் மெய்யான நீளத்தைச் சங்கிலி பிடித்து அளப்பதுபோன்ற வேறொரு படமும் தேவைப்பட்டது.

இதற்காக நெல்லின் இழை பெருந்துண்டுகளாக வெட்டப்பட்டு, பற்றீரியாக்களினுள் வைத்துப் பெருக்கப்பட்டது. ஒரே பகுதியை உடைய துண்டுகளைக் கணினி ஒப்பிட்டு, ஓலைக்கூரையில் ஓலைமேல் ஓலை பொருந்துவதுபோல அடுக்கியது. பின்னர் பரம்பரைப் படத்தின் குறியிடங்களைக் கொண்டு அவ்வடுக்குகள் உரிய நிறமூர்த்தங்களில் நிறுத்தப்பட்டன. இந்தியா, யப்பான், சீனா, தாய்லாந்து முதலியன பங்குகொண்ட சர்வதேசத் திட்டம், இவ்வாறு அடுக்கப்பட்ட 3,401 துண்டுகளை வாசித்து, நிப்பொன்பாரே நெல்லின் தொகுதியை 2005 இல் வெளியிட்டது. அதன் முழு நீளம் 38 கோடியே 90 இலட்சம் எழுத்துகள் என மதிப்பிடப்பட்டது. இரண்டு படங்களையும் ஒப்பிடின், ஒரு சென்ரிமோர்கன் சராசரியாக இரண்டரை இலட்சம் எழுத்துகளுக்குச் சமமாகும்.

எனினும் ஓரினத்தின் படம் எல்லா இனங்களின் படமும் ஆகாது. இந்தியாவின் ஒடிசாவைச் சேர்ந்த எப்.ஆர். 13ஏ என்னும் நெல், வெள்ளத்தில் முற்றாக மூழ்கியும் ஏறக்குறைய இரண்டு வாரம் உயிர்தாங்க வல்லது. இவ்வியல்பு ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் உள்ளதென 1996 இல் படத்தில் குறிக்கப்பட்டது. காரணமான சப்1ஏ என்னும் அலகு 2006 இல் அறியப்பட்டது. நிப்பொன்பாரே நெல்லில் அவ்வலகு இல்லை. அதன் படத்தை மாத்திரம் பார்த்திருப்பின் அஃது ஒருபோதும் அகப்பட்டிராது. 2014 இல் 3,024 நெல்லினங்களின் தொகுதிகளை வாசித்து வெளியிட்டதன் நோக்கமும் இதுவே.

ரத்து ஹீனட்டி கற்பித்த பாடம்

இனி முதலிற் கூறிய தத்தியின் கதைக்கு வருவோம். ரத்து ஹீனட்டியை வெவ்வேறு இனங்களோடு கலந்து பல குழுவினர் ஆராய்ந்தனர். 2005 இல் வெளிவந்த ஆய்வு, தாங்குந்திறன் நான்காம் நிறமூர்த்தத்தில் உள்ளதெனக் காட்டியது. 2007 இல் தாய்லாந்து ஆய்வாளர் அதனை ஆறாம் நிறமூர்த்தத்திற் கண்டனர். 2015 இல் சீன ஆய்வாளர் நான்காம் நிறமூர்த்தத்தில் அருகருகே உள்ள மூன்று அலகுகளைப் பிரித்தெடுத்து, அவை சேர்ந்து தத்தியைத் தடுப்பதை மெய்ப்பித்தனர். பி.பி.எச். 3 என்னும் ஒரே பெயர் இரண்டு இடங்களுக்கும் வழங்கப்பட்டமையால் மயக்கம் நேர்ந்தது.

பெயரை மாத்திரம் பார்த்தவர் ஒருவர் கூற்றுப் பிழையென எண்ணக்கூடும். பொதுவான குறியிடங்களால் இணைத்த படத்தைப் பார்த்தவருக்கோ, இவை வெவ்வேறு இரண்டு இடங்கள் என்பது ஐயமின்றி விளங்கும். இப்பழைய நெல்லின் உறுதி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தங்கியிருக்கின்றது. புதிய இனத்தை ஆக்குபவர் ஓரிடத்தை மாத்திரம் எடுத்து மற்றையதைக் கைவிட்டால், அவ்வுறுதியின் ஒரு பகுதியையே பெறுவர்.

மரக்கறிப் பயிர்களில்

தக்காளிக்கும் உருளைக்கிழங்கிற்கும் நிறமூர்த்தங்களின் அடிப்படை எண்ணிக்கை 12 ஆகும். இவ்விரண்டின் படங்களையும் பொதுவான குறியிடங்களால் ஒப்பிட்ட ஆய்வு 1992 இல் வெளிவந்தது. ஐந்து இடங்களில் துண்டுகள் தலைகீழாய்த் திரும்பியிருப்பதைத் தவிர, இரண்டின் வரிசையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. ஆதலின் ஒன்றில் அறிந்ததை மற்றையதில் எங்கே தேடுவது என்பது எளிதாயிற்று. தக்காளியின் மஞ்சள் இலைச்சுருள் நோயைத் தாங்கும் ரி.வை. 1 என்னும் அலகும், காட்டுத் தக்காளியொன்றிலிருந்து பெறப்பட்டு, ஆறாம் நிறமூர்த்தத்தில் இடம் குறிக்கப்பட்ட ஒன்றாகும்.

கமக்காரருக்கு இதனாற் பயன் யாது?

முன்னர் தாங்குந்திறனைச் சோதிப்பதற்குப் பயிரை வளர்த்து, பூச்சியை விட்டு, எது பிழைக்கின்றது எனக் காத்திருத்தல் வேண்டும். நம்பத்தகுந்த படம் இருப்பின், நாற்றின் ஓர் இலைத்துண்டைச் சோதித்தே வேண்டிய அலகு உள்ளதா என அறியலாம். விரும்பிய இனத்தின் மற்றைய இயல்புகள் கெடாவண்ணம் ஓர் இயல்பை மாத்திரம் சேர்ப்பதும் கைகூடும். இந்தியாவிற் பெரிதும் பயிரிடப்படும் சுவர்ணா என்னும் இனத்தில் இவ்வாறே சப்1ஏ சேர்க்கப்பட்டு, சுவர்ணா-சப்1 என்னும் இனம் 2009 இல் அங்கு வெளியிடப்பட்டது. எனினும் இலைத்துண்டுச் சோதனையோடு வேலை முடிவதில்லை. விளைவு, சமைக்குந் தரம், மண்ணுக்கேற்ற தன்மை என்பன வயலிலேயே அறியப்படல் வேண்டும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. ஓரலகை மாத்திரம் நம்பியிருக்கும் தாங்குந்திறன் நெடுங்காலம் நிலைப்பது அரிது. தத்தியைத் தாங்குமென 1973 இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26 என்னும் இனத்தை, சில ஆண்டுகளுள் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் தத்தி தாக்கத் தொடங்கிற்று. வெளி முழுவதும் போகந்தோறும் ஒரே இனத்தை விதைத்தலைத் தவிர்த்து, சிபாரிசு செய்யப்பட்ட இனங்களை மாற்றி விதைத்தல் நன்று.

2. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுதல் கூடாது. மிகச் செழித்து நெருங்கிய பயிரில் தத்தி விரைவிற் பெருகும்.

3. வயலிலுள்ள சிலந்திகளும் வேறு பூச்சிகளும் தத்தியை உண்கின்றன. தேவையின்றிப் பூச்சிகொல்லி தெளித்தால் அவை அழிந்து தத்தி மேலும் பெருகும்.

4. வாரந்தோறும் வயலில் இறங்கி, பயிரின் அடித்தண்டை விலக்கிப் பார்த்தல் வேண்டும். வரம்பில் நின்று பார்த்தால் தத்தி புலப்படாது.

5. தந்தை, பாட்டன் காலத்து நெல்லினம் எவரிடமேனும் இருப்பின், அதனை வேறு நெல்லோடு கலவாது காத்து, தமது பிரிவின் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும். அத்தகைய விதைகளைப் பேணுவதற்கெனக் கன்னொறுவையில் தாவரப் பிறப்புரிமை வள நிலையம் உண்டு.

எத்துணை நுட்பமான கணக்கும் இல்லாத விதையைப் படமாக்க மாட்டாது. ரத்து ஹீனட்டியின் மதிப்பை ஆய்வுகூடங்கள் அறிவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே, அதனைப் போகந்தோறும் விதைத்தும் அறுத்தும் விதைக்கெனப் பிரித்து வைத்தும் காத்தவர் இந்நாட்டுக் கமக்காரரே ஆவர். இன்று ஒரு பட்டறையின் மூலையிற் கிடக்கும் விதையிலும், நாளைய பூச்சியொன்றைத் தாங்கும் ஆற்றல் இருத்தல் கூடும்.